சவரிமுத்து தம்பியின் 'லா'

கைப்பேசியில் அவர் பெயரைப் பார்த்ததும் எடுத்த எடுப்பிலேயே, "என்ன தம்பி, கண்ணாடிய மறுபடியும் காலேஜ்ல விட்டுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மறுமுனையில், "ஆன்டி, நான் ஸ்டெல்லா. அப்பா காலையில தவறிட்டாரு" என்று அவர் மகள் குரல் வந்தது. தோசைக் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் உங்களுக்கெல்லாம் அவர் கொடி காட்டி ஓய்வு பெற்ற ரயில்வே சவரி. எனக்கு அவர் கல்லூரி மாணவர். அறுபத்தாறு வயதில் இசைக் கல்லூரியில் ஹார்ப்சிகார்ட் படிக்கச் சேர்ந்தவர். என் பேத்தி யாழினிக்கும் அதே வகுப்பு. தன்னைப் பற்றி இதில் எழுதக் கூடாது என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் வகுப்பில் அவள்தான் முதல்.

ஹார்ப்சிகார்ட் பார்க்கப் பியானோ மாதிரி இருக்கும். பியானோவில் சுத்தியல் தட்டும். இதில் கட்டையை அமுக்கினால் உள்ளே ஒரு சின்ன இறகு முனை தந்தியை மீட்டும். வீணையை ஆர்மோனியத்துக்குக் கட்டிக்கொடுத்தால் பிறக்கும் பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளானிலிருந்து யாழினியோடு நானும் ரயிலேறிப் போவேன். பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குத் துணை எதற்கு என்று அவள் முறைப்பாள். துணை ஒரு சாக்கு. எனக்கு அந்தச் சத்தம் கேட்க வேண்டும். வகுப்பு வாசல் பெஞ்சில்தான் தம்பி அறிமுகம்.

"எங்க வீட்டுச் செவரெல்லாம் பிள்ளைங்க சர்டிபிகேட்டுதான்க்கா. என் பேர்ல ஒண்ணு இல்ல. ஒண்ணே ஒண்ணு வாங்கி மாட்டிட்டுத்தான் கண்ண மூடுவேன்" என்றார். ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள் நான். அந்த வார்த்தை எனக்கு உறைத்தது.

தேர்வுக்கு அவர் எடுத்த பாட்டு மூன்று பக்கம். வாசிக்கிறவர் கை ஒழியாது, பக்கம் புரட்ட ஆள் வேண்டும். என்னைக் கேட்டார்.

"எனக்கு நோட்டே படிக்கத் தெரியாதே தம்பி!"

"அதனாலதான் கேக்குறேன். தெரிஞ்சவங்க பக்கத்துல நின்னா என் தப்பெல்லாம் தெரிஞ்சிடும், கூச்சமா இருக்கும். நான் தலையாட்டுனா புரட்டுங்க லா, அவ்வளவுதான்."

இரண்டு மாதம் பழகினோம். நடுவில் எங்கே தப்பினாலும் நிறுத்தமாட்டார். "ரயிலும் பாட்டும் ஒண்ணுதான்க்கா. லேட்டா வரலாம், நடுவழியில நிக்கக் கூடாது" என்பார். நம்ம ஊர் ரயில் இரண்டையும் செய்யும் என்று நான் சொன்னதற்கு மட்டும் கோபித்துக்கொண்டார்.

தேர்வன்று அவர் பிரமாதமாக ஆரம்பித்தார். இரண்டு வரி தாண்டியதும் தலையை அழகாக ஆட்டினார். நான் புரட்டினேன். மனிதர் ஒரு நொடி விழித்துவிட்டு, நிற்காமல் அடுத்த பக்கத்திலிருந்து ஓட்டினார். மறுபடியும் தலை ஆடியது. மறுபடியும் புரட்டினேன். மூன்று பக்கப் பாட்டு ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது. தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வெளியே வந்ததும், "தலையாட்டுனீங்களே தம்பி!" என்றேன்.

"அது நான் ரசிச்சது, அக்கா!"

"உங்க வாசிப்ப நீங்களே ரசிச்சா நான் என்னத்தக் கண்டேன்?"

ஃபெயில். எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதர் ஆசைப்பட்ட ஒரே காகிதத்தை நான் கெடுத்துவிட்டேனே! வகுப்பு ஆசிரியை மிஸ் சியூவிடம் நானே சொல்லப் போனேன். அதற்குள் தம்பி சொல்லி முடித்திருந்தார். "கொடிய தப்பா காட்டுனவன் நானு. டிரைவர் மேல பழி போடக் கூடாதுக்கா" என்றார். பக்கம் புரட்ட வேறு ஆளையும் தேடவில்லை.

அடுத்த தேர்வுக்குப் புது சிக்னல்: நம்ம ஊரில் பேச்சுக்குப் பேச்சு ஒட்டுவோமே, அந்த 'லா'வை வாய் திறந்து சொல்வார், நான் புரட்டுவேன். இரண்டு இடத்தில் இரண்டு லா. பாஸ்! தேர்வாளரின் குறிப்புத் தாளை யாழினி படித்துச் சொன்னாள்: 'மாணவர் வாசிக்கும்போது கூடவே பாடுகிறார். சுருதி சேரவில்லை.' நமக்கு ச ரி க ம போல அவர்களுக்கு டோ ரே மீ. அதில் லாவும் ஒரு ஸ்வரமாம். தம்பி சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனார்.

அந்தச் சர்டிபிகேட் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. போன வாரம் முப்பதாம் நாள் ஜெபத்தில் அதற்குக் கீழேதான், ஹார்ப்சிகார்ட் சத்தம் வரும் கீபோர்டில் யாழினி அதே பாட்டை வாசித்தாள். நான் பக்கத்தில் நின்றேன். "லா சொல்லணுமா அம்மாச்சி?" என்று அவள் கேட்டதற்கு, வேண்டாம், எனக்கே தெரியும் என்று வீறாப்பாகச் சொன்னேன்.

எப்படித் தெரியும் என்றால், முதல் பக்கம் முடிய ஒரு வரி இருக்கும்போது தம்பி எப்போதும் ஒரு தப்பு செய்வார். ஒரே இடம், ஒரே தப்பு. நோட்டுப் படிக்கத் தெரியாவிட்டாலும் அவர் தப்புகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். கூச்சப்படுவார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

அந்தத் தப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. என் பேத்தி கெட்டிக்காரி, சரியாக வாசித்துவிட்டாள். பக்கம் முடிந்தும் நான் புரட்டவில்லை. அவள் நிறுத்தாமல், மனப்பாடமாகவே வாசித்துக்கொண்டு, "லா... அம்மாச்சி, லா!" என்றாள். ஸ்டெல்லாதான் முதலில் சிரித்தாள். பிறகு கூடமே சிரித்தது.

அந்தப் பாட்டைப் பிழையில்லாமல் வாசிக்க உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த ஒரு தப்பு என்னிடம் மட்டும்தான் இருக்கிறது தம்பி. பத்திரமாக வைத்திருக்கிறேன்.