அக்காவின் புது பாஸ்போர்ட்

அக்காவுக்கு ஆஸ்திரேலியக் குடியுரிமை கிடைத்த அன்று, நைனா எங்கள் எர்ணாவூர் குடியிருப்பில் மாடி மாடியாக ஏறி லட்டு கொடுத்தார். அதனால் என்ன லாபம் என்று கேட்டவர்களிடம் இலவச வைத்தியம், பென்ஷன் என்றெல்லாம் அவர் பேசவில்லை.

“இனிமே எவனும் எம் பொண்ண வூட்ட காலி பண்ணுன்னு சொல்ல முடியாதுபா” என்றார்.

ராயபுரம் கடலோரத்தில் எங்கள் குடிசையை இடித்து, இங்கே கொண்டுவந்து தள்ளியதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

அடுத்த மாதமே மாரடைப்பில் போய்விட்டார். போனில் அக்கா அழுது ஓய்ந்தபின் சொன்னாள்: “இந்த ஊரு குடியுரிமை வாங்கிட்டதால என் பழைய இந்தியா பாஸ்போர்ட் செல்லாதுடா. நம்மூருக்கு வர நானு விசா வாங்கணுமாம். எப்ப குடுப்பாங்கன்னு தெரில. நைனாவ ரொம்ப நேரம் போட்டு வைக்காதீங்க.”

ஆனாலும் ஐஸ் பெட்டியில் வைத்து மறுநாள் மதியம்வரை காத்திருந்தோம். “பொண்ணு வந்துகினு இருக்குதா?” என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

எடுக்கும் நேரத்தில், வாய்க்கரிசி போடுவதற்காக அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டு, போனை நைனாவின் முகத்தருகே பிடித்தேன். அங்கே அவள் தன் போனை மேஜையில் படுக்கவைத்து, திரையில் தெரிந்த அவர் வாய்மேல் அரிசியைப் போட்டாள். கண்ணாடியில் அரிசி விழுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.

நைனா சொன்னதில் பொய்யில்லை. அக்காவை வெளியே போ என்று இனி எவனும் சொல்ல முடியாது. உள்ளே வா என்று சொல்ல அன்று எங்களாலும் முடியவில்லை.