நுரையீரல் பாடத்துக்கு ஒரு குரல்

நோய்க்குறியியல் வகுப்பில் நான் ஸ்லைடைத் திரையில் போட்டாலே பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்கட்டும் என்று விடுகிற குணம் எனக்கில்லை. கணினியில் ஒரு பாடம் தயாரித்தேன். பட்டனைத் தொட்டால் நோயாளி தன் குரலில் பதில் சொல்வார். மாணவர்கள் அதைக் கேட்டு, நுரையீரல் திசுவைப் பெரிதாக்கிப் பார்த்து, என்ன நோய் என்று ஓட்டுப் போட வேண்டும். நோயாளி, நிலக்கரித் தூசியைச் சுவாசித்த தொழிலாளி. குரலுக்கு வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை. என் அப்பா துறைமுகத்தில் கரி இறக்கியவர். கூட வேலை செய்தவர்கள் இருமி இருமி ஓய்ந்ததைப் பார்த்தவர்.

கொருக்குப்பேட்டை வீட்டில், பதிவுசெய்ய, கூட்ஸ் வண்டிச் சத்தம் அடங்கட்டும் என்று போனோடு காத்திருந்தேன். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குரலுக்கு எதற்குச் சட்டை?

"டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க கேக்கப்போதுங்கல்ல" என்றார்.

வகுப்பில் பட்டனைத் தொட்டதும் அவர் குரல் கணீரென்று வந்தது. "மாடி ஏறுனா மூச்சு வாங்கிகினே கீது டாக்டரு. ஒரே பேஜாரு. துப்புனா கருப்பா வருது."

வகுப்பே சிரித்தது. திரும்பத் திரும்பத் தொட்டுச் சிரித்தார்கள். "செம காமெடி மேடம், யார் இவரு?" என்றாள் ஒரு மாணவி.

"டோல்கேட்ல ஒரு ஆட்டோக்காரர்" என்றேன். அதோடு நிற்கவில்லை, நானும் சேர்ந்து சிரித்தேன். 'இருக்கு' என்பதற்கு எங்கள் பக்கம் சொல்கிற 'கீது'வை என் நாக்கிலிருந்து சுரண்டி எடுக்கவே எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அது என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பயம். அன்றே சக ஆசிரியர் ஒருவரைச் சுத்தமான தமிழில் பேசவைத்து, அப்பாவின் பதிவை அழித்தேன். கேவலமான வேலை. இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

"புள்ளைங்க இன்னா சொன்னாங்க?" என்று அப்பா தினமும் கேட்டார்.

"நல்லா இருக்குன்னாங்க நைனா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பில் அந்தப் பாடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றவர், ஆசையாகக் கை நீட்டி அவரே பட்டனைத் தொட்டார். வேறு யாரோ பேசினார். அப்பா கடைசி வரை கேட்டார்.

"உன் ஃபைல் கெட்டுப்போச்சு நைனா" என்றேன்.

"அத்த இன்னாத்துக்கு மறைச்ச? இன்னொரு தபா பேசிக் குடுக்குறேன்" என்று எதிரே உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, "மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, டாக்டர்" என்றார்.

"இப்ப சரியா கீதா கண்ணு?"

அதற்கும் நான் "ம்" என்றுதான் சொன்னேன்.