நாற்பது நிமிட மின்சாரம்

அலுவலகத்தில் அவருக்கு எதிரொலி என்று பெயர். மின்கட்டமைப்பின் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவர். அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. தொலைபேசியில் ஒருவர் ஒன்றைச் சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்று முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அது குறிப்பேட்டில் ஏறும். திருப்பிச் சொல்லாத வார்த்தை செல்லாது. 'மூன்றாம் லைனை நிறுத்து' என்பது 'இரண்டாம் லைன்' என்று காதில் விழுந்தால் கம்பத்தின் மேல் இருக்கும் ஆள் கரிக்கட்டைதான். அதனால் சட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இவர் அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார், வம்பு அங்கேதான்.

பால்காரர் "நாளைக்குப் பால் வராது" என்றால் இவரும் "நாளைக்குப் பால் வராது" என்பார். கிண்டல் செய்கிறாரோ என்று பால்காரர் முறைப்பார். மனைவி மட்டும் இதைச் சிரித்தே சமாளித்தார். இந்த வீட்டில் ஒரு தடவை சொன்னால் ரெண்டு தடவை கேட்கும், செவிடனுக்குக்கூட இங்கே கவலையில்லை என்று மகளிடம் சொல்வார்.

மாலை ஏழு மணி அவருடைய நேரம். வெயில் இறங்கியதும் கூரைமேல் உள்ள சூரியத் தகடுகளில் மின்சாரம் வற்றிப்போகும். அதே நேரம் பார்த்து ஜனமெல்லாம் வீடு திரும்பி விளக்கைப் போடும், அடுப்பை மூட்டும், துணி துவைக்கும் எந்திரத்தைத் தட்டிவிடும். திரையில் ஒரு கோடு மலையேறும். அது ஏற ஏற எரிவாயு நிலையத்துக்குப் போன் போட்டு ஒவ்வொரு எந்திரமாக எழுப்ப வேண்டும். ஊரார் குடும்பங்கள் ஒன்றுசேர்வதைக் கோடாகவே பார்த்து வயதானவர். அந்த நேரத்தில் தம் வீட்டில் எந்த விளக்கு எரியும் என்று கேட்டால் முழித்திருப்பார்.

ஓய்வுக்கு நாலு மாதம் இருந்தபோது, ஒரு மாலை, ஏழுக்கு ஐந்து நிமிஷம். மகள் கூப்பிட்டாள்.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குது. உடனே கார எடுத்துட்டு வாங்கப்பா."

"அம்மாவுக்கு மூச்சு வாங்குது. உடனே கார எடுத்துட்டு வரணும்."

"சரி" என்று அவள் வைத்துவிட்டாள். 'இப்ப வர முடியாதும்மா, வேற வண்டியக் கூப்பிடு' என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் வடக்கே ஒரு பெரிய லைன் விழுந்தது. திரையில் ஐம்பதில் நிற்க வேண்டிய அதிர்வெண் சரியத் தொடங்கியது, மேசையிலிருந்த அத்தனை போன்களும் ஒன்றாக அலறின. பக்கத்து நாற்காலியில் இருந்த உதவியாளருக்கு இந்த மாதிரி மாலையைக் கையாண்டு பழக்கமில்லை. விட்டுவிட்டு எழுந்தால் பாதி ஊர் இருட்டாகும், அதில் ஆஸ்பத்திரியும் இருக்கும். நடுவில் ஒரு தரம் வீட்டுக்கு அடித்தார். யாரும் எடுக்கவில்லை. யாராவது அழைத்துப் போயிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். எடுக்க வேண்டியவள் அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி வாசலில் அப்பாவின் காருக்காக நின்றிருந்தாள்.

அவர் நாற்காலியை விட்டு எழுந்தது நாற்பது நிமிஷம் கழித்து. கடைசியில் ஓர் ஆட்டோ பிடித்து மகள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள், "வர்றேன்னு சொன்னீங்களேப்பா" என்றாள்.

"நான் சொல்லலம்மா. நீ சொன்னதத்தான் திருப்பிச் சொன்னேன்."

உண்மைதான். ஆனால் சில உண்மைகளை நாக்கைக் கடித்துக்கொண்டு விழுங்கிவிட வேண்டும். அவர் விழுங்கவில்லை. அந்த வாரமே அவள் ஊரின் மறுபக்கத்தில் ஓர் அறை எடுத்துப் போனாள். போனில் பேசுவதும் நின்றது.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் அவர் ஏழு மணிக்கு வீட்டிலுள்ள எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, மூன்று நாற்காலி உள்ள மேசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கோட்டில் தம் வீடும் ஒரு சொட்டு ஏறட்டும் என்று. சமையல் ஒரு வேளைதான். பேச ஆளில்லாத வீட்டில் திருப்பிச் சொல்லவும் ஒன்றுமில்லை. தனிமை என்பது வேறொன்றுமில்லை, காது சும்மா இருப்பதுதான் என்று அவருக்குப் பட்டது.

அப்போதுதான் அந்தப் பொது விசாரணை வந்தது. புகை குறைந்த மின்சாரத்துக்கு எது வழி என்று மூன்று கட்சி. நாலு மணி நேரம் தாங்கும் பாட்டரிகளை வைத்து எரிவாயு நிலையத்தை மூடிவிடலாம் என்றது ஒன்று. பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மலைமேல் ஏரிக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கிக்கொள்ளலாம் என்றது இன்னொன்று. எரிவாயுவே இருக்கட்டும், மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதா என்றது மூன்றாவது. ஒவ்வொருவரும் பிடித்த முயலுக்கு மூன்றே கால். பழைய அலுவலகத்தார் இவரை எரிவாயுவுக்காகச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். முதலில் மாட்டேன் என்றார். பிறகு, கேள்வி கேட்கப்போகும் நிபுணர்களின் பட்டியலைப் பார்த்தார். பாட்டரித் தரப்பில், மின்பொறியாளரான மகள் இருந்தாள். சட்டையை இரண்டு தரம் இஸ்திரி போட்டார். கேள்வி கேட்பவர் சாட்சியோடு பேசித்தானே ஆக வேண்டும்!

மண்டபத்தில் அவள் எழுந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள்.

"சார், மூணு நாள் தொடர்ந்து மேகம் போட்டா, நாலு மணி நேர பாட்டரி போதுமா?"

சார் என்றது சுருக்கென்று தைத்தது. ஆனாலும் குரல் அவளுடையது. "மூணு நாள் தொடர்ந்து மேகம் போட்டா, நாலு மணி நேர பாட்டரி போதுமா" என்று அவர் திருப்பிச் சொல்ல, மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

போதாது என்றார். மலைமேல் தண்ணீரும் வேண்டும், தூரத்துக் காற்றாலைகளிலிருந்து லைனும் வேண்டும், எரிவாயு எந்திரம் ஒன்றிரண்டும் கொஞ்ச காலம் ஓரமாக இருக்கட்டும் என்றார். அழைத்து வந்தவர்களுக்கு முகம் மலர்ந்தது.

அவள் அடுத்த கேள்வியைத் தாளைப் பார்த்தே கேட்டாள். "ஏழு மணிக்கு ஒரு பெரிய லைன் விழுதுன்னு வச்சுக்குவோம். பாட்டரி இருந்தா அது தானா தாங்குமா? இல்ல, நாற்காலியில பழகின ஆள் இருந்தே ஆகணுமா?"

அவர் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். 'நாற்காலியில' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"தாங்கும்" என்றார். "கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள தானா ஏறிக்கும். நாற்பது நிமிஷம் தாராளமாத் தாங்கும். ரெண்டாவது ஆள் போதும். முதல் ஆள் எந்திரிச்சுப் போயிருக்கலாம்."

அழைத்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'போயிருக்கலாம்' என்பது இலக்கணப் பிழை என்று நினைத்த எழுத்தர் அதை அடித்துவிட்டுப் 'போகலாம்' என்று எழுதினார்.

அவள் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். மெதுவாக, "ரெண்டாவது ஆள் போதும். முதல் ஆள் எந்திரிச்சுப் போயிருக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு உட்காராமல் நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று விசாரணைத் தலைவருக்குப் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது.

"சரி" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார்கள். கூட்டம் கலைந்தபோது வாசலில் காத்து நின்று பார்த்தார். அவள் வேறு வழியாகப் போய்விட்டாள் போலிருக்கிறது. காலையில் காரில் அழைத்து வந்த பழைய சகாக்கள் யாரும் திரும்ப அவரை ஏற்றிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் வீடு வந்து, ஏழு மணிக்கு ஒவ்வொரு விளக்காகப் போட்டு முடித்து உட்கார்ந்தார். போன் அடித்தது.

"அப்பா." மகள்தான். "நீங்க வருவீங்கன்னு வாசல்லயே நின்னிருக்கக் கூடாது. நான் பக்கத்து வீட்டுக் காரக் கூப்பிட்டிருக்கணும்."

மூன்று வருஷமாக அவள் கோபத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள் என்றல்லவா அவர் நினைத்திருந்தார். வழக்கப்படி வாய் தானாகத் திறந்தது. 'நீ பக்கத்து வீட்டுக் காரக் கூப்பிட்டிருக்கணும்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுமுனையில் அவள் காத்திருந்தாள்.

"அப்பா? நான் சொன்னது கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றார். திருப்பிச் சொல்லவில்லை.