செயின் இல்லாத வண்டி

ரத்தக் குப்பிகளைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் கணவனின் வேலை. சின்னச் சின்ன மருத்துவமனைகளில் காலையிலேயே குப்பிகளை வாங்கி, குளிர்பெட்டியில் அடுக்கி, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு பறப்பான். குப்பி சூடாவதற்குள் போய்ச் சேர வேண்டும். அந்த அவசரம் மெல்ல மெல்ல ஆளையே பிடித்துக்கொண்டது. சாப்பாட்டில் அவசரம், பேச்சில் அவசரம், செருப்பு மாட்டுவதில்கூட அவசரம். "நீங்க பொறக்கும்போதாவது நிதானமா பொறந்தீங்களா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். அதிலும் ஒரு மாதம் முந்திக்கொண்டவன்தான் என்று மாமியார் அடுப்படியிலிருந்தே பதில் சொன்னார்.

வண்டி பழையது, கனமானது. அதற்குச் செயின் கிடையாது. எஞ்சின் சுழல்வதை ஒரு இரும்புத் தண்டு பின்சக்கரம் வரை கொண்டுபோகும். செயினுக்கு எண்ணெய் விட வேண்டாம், இறுக்க வேண்டாம், அறுந்துபோகுமோ என்ற பயமும் வேண்டாம் என்று அவனுக்கு அதில் பெருமை. டயர் தேய்ந்தால் மட்டும் தம்பியின் கடைக்குப் போவான். தம்பி, அதாவது அவளுடைய கொழுந்தன், பஸ் நிலையத்துக்குப் பின்புறம் டயர் கடை வைத்திருந்தான். மாமியார் அவனோடு தனி வீட்டில் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். மேட்டுச் சாலையில் மரம் ஏற்றிய லாரி ஒன்று முன்னால் முக்கிக்கொண்டு ஏறியது. அவன் விலகி, அதை முந்தப் போனான். லாரியின் நடுப்பகுதிக்கு வந்திருப்பார்கள். அவளுக்குச் சட்டென்று வீட்டு அடுப்பு ஞாபகம் வந்தது.

"என்னங்க, கேஸ மூடினீங்களா?"

"மூடிட்டேன்டி," என்று முகத்தைப் பாதி திருப்பிச் சொன்னான்.

அந்த நொடியில் எஞ்சின் வீறிட்டது. சத்தம் மேலே மேலே ஏறியது, வண்டி மட்டும் முன்னே போகவில்லை. பக்கத்தில் லாரியின் மரங்கள் ஒவ்வொன்றாக அவர்களைத் தாண்டிப் போயின. அவன் பின்தங்கி லாரிக்குப் பின்னால் ஒதுங்குவதற்குள், எதிரே ஒரு வேன் வந்து மோதிவிட்டது. அவள் ஓரத்துப் புல்லில் விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. அவன் உயிர் அங்கேயே போய்விட்டது.

கியரைத் தவறவிட்டிருப்பான் என்றார்கள். லாரி ஓட்டியவரும் எஞ்சின் கத்தியதைக் கேட்டதாகச் சொன்னார். அதுவே முடிவாகிவிட்டது. அவன் எதற்காக முகத்தைத் திருப்பினான் என்பதை அவளேதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். "பின்னாடி உக்காந்து தொணதொணன்னு பேசிட்டே வந்தா, கால் எங்க, கியர் எங்க?" துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னாலும் சொன்னார், யாரும் இல்லாதபோதும் சொன்னார். அவள் மறுத்துப் பேசவில்லை. அவளுக்கும் அதுதான் உண்மையாகப் பட்டது.

பிறகு அந்தச் சத்தம் வரத் தொடங்கியது.

இருட்டில் வந்திருந்தால் கனவு என்று தள்ளியிருப்பாள். பட்டப்பகலில், நாலு பேர் நடுவில் வந்தது. அவள் பைகள் தைக்கும் கூடத்தில் வேலை பார்த்தாள். தையல் இயந்திரத்தில் பெல்ட் நழுவினால் மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றும். தண்ணீர் தீர்ந்த தொட்டியில் பம்பு ஓடும். சேற்றில் மாட்டிய கார் நின்ற இடத்திலேயே உறுமும். எது கத்திக்கொண்டு நகராமல் நின்றாலும் அவளுடைய கை பக்கத்தில் இருப்பதை இறுகப் பிடித்துக்கொள்ளும். துணியோ, மேசை விளிம்போ, பக்கத்து இருக்கைக்காரியின் தோளோ. அன்று அவன் சட்டையைப் பிடித்திருந்த அதே பிடி. சத்தம் அடங்கும்போது அதன் வாலிலேயே "மூடிட்டேன்டி" என்று காதோரம் கேட்கும். அவசரமாக, பாதி திரும்பிய குரலில். அப்போது அவள் திரும்பிப் பார்க்காமல் இருந்ததே இல்லை.

அடுப்பை மூடிவிட்டு வாசல் வரை வருவாள், திரும்பிப் போய்ப் பார்ப்பாள், மறுபடியும் வருவாள். பஸ்ஸிலோ காரிலோ ஏறினால் வாயைத் திறக்க மாட்டாள். போகப் போக வண்டி ஓட்டாமல் சும்மா நின்றுகொண்டிருக்கும் ஆளிடம்கூடக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள். கூடத்தில் அவளுக்கு 'ஊமைக்கோட்டான்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் போனது. ஒரு விடுமுறை நாள் முற்பகலில் மிக்ஸியைப் போட்டாள். மோட்டார் வீறிட்டது. கை தானாக ஜாரை இறுக்கியது. ஆனால் இந்த முறை கண் ஜாருக்குள் இருந்தது. உள்ளே பிளேடு அசையாமல் நின்றது. அணைத்துவிட்டு ஜாரைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் மோட்டாரோடு கோத்துக்கொள்ளும் ரப்பர்ப் பல் மழுங்கிப்போய், சுற்றிலும் கறுப்பாகத் தூள் உதிர்ந்திருந்தது.

தெருமுனையில் மிக்ஸி பழுதுபார்ப்பவர் அதை ஒரு பார்வை பார்த்தார்.

"மோட்டார் நல்லாத்தாம்மா இருக்கு. கோத்துக்கற பல்லு போச்சுன்னா மோட்டார் மட்டும் தனியா கத்தும்."

நெடுநாளைக்குப் பிறகு அவள் ஒரு கேள்வி கேட்டாள். மோட்டார் சைக்கிளிலும் இப்படிப் பல் உண்டா என்று. செயின் வண்டியா என்றார். இல்லை, தண்டு வைத்த வண்டி என்றாள். அவர் ஜாரைத் திருப்பிக் கொடுத்தார்.

"சக்கரத்தக் கழட்டி மாட்டறாங்கல்ல? அப்ப அங்க பல்லும் பல்லும் கோத்துத்தான் இருக்கணும்."

அவள் ஜாரைப் பையில் போட்டுக்கொண்டு நேரே கொழுந்தனின் கடைக்கு நடந்தாள்.

வண்டி கடைக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. அவன் அதை விற்கவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை. அண்ணன் ஞாபகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். முன்பக்கம் முழுக்க நசுங்கிக் கிடக்கிறதே, இப்போது எதற்கு அதெல்லாம் என்றான். ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றான். கடையில் ஒருவரும் இல்லை. அவள் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் அவன் ஸ்பேனரை எடுத்தான்.

அச்சை உருவினான். சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்ததும், இறுக்கமாக வரவேண்டியது வழுக்கிக்கொண்டு வந்தது. கூடவே செங்கல் பொடி மாதிரி சிவப்பாகத் தூள் கொட்டியது. தண்டு வந்து முடியும் கியர் பெட்டியின் பக்கத்தில் இருந்த பற்கள் கத்தி முனைபோல் மெலிந்திருந்தன. சக்கரத்தின் நடுவில் பல்லே இல்லை. வளையலின் உட்புறம்போல் வழவழவென்று இருந்தது. அவள் விரலை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரிஞ்சுடும்னுதான் கழட்டல அண்ணி."

பிறகு அவனே சொன்னான். டயர் மாற்றச் சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் அந்தப் பல்லைத் துடைத்து, கறுப்பு கிரீஸ் தடவித்தான் திரும்ப மாட்ட வேண்டும். காய்ந்து ஓடினால் இரும்பை இரும்பே தின்றுவிடும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் அண்ணன் கடைக்கு வரும்போதெல்லாம் காலில் வெந்நீர் கொட்டியதுபோல்தான் நிற்பான். கடைசியாக டயர் மாற்றியபோது சிவப்புத் தூள் கொட்டியது. "சீக்கிரம் மாட்டுடா, குப்பி சூடாகுது" என்று அண்ணன் தலைக்கு மேல் நின்றான். இவன் துணியால் தட்டிவிட்டு அப்படியே மாட்டிவிட்டான். அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். சாவு வீட்டில் யாரோ கியர் நழுவியிருக்கும் என்றபோது, ஆமாம் என்று தலையாட்டியது அவன்தான்.

அவளுக்கு முதலில் உடம்பு லேசானது. கணவனைக் கொன்றது தன் வாய் இல்லை. அந்த நிம்மதி வந்த வேகத்திலேயே, இத்தனை நாள் மாமியார் பேசும்போதெல்லாம் பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்தானே இவன் என்ற ஆத்திரமும் வந்தது. டயர் நெம்பும் கம்பி காலடியில் கிடந்தது. அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான், நகரவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பல வாரம் அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒருநாள் போய் வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

அவன் சொன்னான். மாமியார் முழுவதையும் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாராம். அதன் பிறகு அவனுக்குச் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவாராம். ஒரு மத்தியானம் மருமகள் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை.

"நீ கேஸப் பத்திக் கேட்டப்ப அவன் சிரிச்சானா?" என்றார்.

"தெரியல அத்தை. முகம் பாதிதான் தெரிஞ்சுது."

மாமியார் தலையை ஆட்டிக்கொண்டார். காபி வேண்டாம் என்றவர், கொடுத்ததும் குடித்தார்.

கொழுந்தன் தண்டு வண்டிகளைத் தொடுவதை விட்டே வெகுநாளாகியிருந்தது. வந்தால் முடியாது என்று திருப்பி அனுப்புவான். அது தெரிந்தபோது அவளுக்குப் பொறுக்கவில்லை. இங்கே திருப்பினால் இன்னொரு கடையில் காய்ந்த பல்லோடு மாட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதானே. மணிக்கட்டு சரியாகக் கூடாததால் கனத்த துணியைத் தள்ளித் தைப்பதும் அவளுக்குக் கஷ்டமாகிக்கொண்டு வந்தது. தையலை விட்டுவிட்டு அந்தக் கடைக்கே வந்து உட்கார்ந்தாள். டயர் அவன் வேலை. சக்கரம் கழன்று கிடக்கும் அந்தச் சிறிது நேரம் அவளுடையது. பழைய கிரீஸை வழித்து, மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொரு பல்லையும் நகத்தால் வருடிப் பார்ப்பாள். கறுப்பு கிரீஸை மெல்லிசாகப் பூசுவாள். தண்டு முடியும் கியர் பெட்டியின் எண்ணெயை வடித்து, இரும்புத் துகள் இருக்கிறதா என்று வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். சக்கரம் மாட்டிய பிறகு இரண்டு கையாலும் ஆட்டி, ஆட்டம் இல்லை என்று தெரிந்தால்தான் விடுவாள். வண்டிக்காரர்கள் 'பின்சக்கர அக்கா' என்று கூப்பிடத் தொடங்கினார்கள்.

ஒருநாள் ஒரு கணவனும் மனைவியும் தூரப் பயணத்தின் நடுவில் டயர் மாற்ற வந்தார்கள். சக்கரம் கழன்றதும் தரையில் சிவப்பாகக் கொட்டியது. பல் பாதிக்கு மேல் போயிருந்தது. இதை மாட்ட முடியாது, உதிரிப்பாகம் வரும்வரை வண்டி இங்கே நிற்கட்டும் என்றாள். அந்த ஆள் குரலை உயர்த்தினான். கேட்டது டயர், டயரை மட்டும் போடு, ஊர் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் சக்கரத்தை அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில் இருந்த அவன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் மடியில் ஹெல்மெட் இருந்தது.

கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"இப்படி ஒரு தடவ மாட்டிக் குடுத்தேன் சார். எங்கண்ணனுக்கு. இவங்க பின்னாடி உக்காந்திருந்தாங்க."

வெளி ஆள் முன்னால் அவன் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை. மனைவி எழுந்து, வண்டியில் கட்டியிருந்த பையை அவிழ்த்தாள்.

"வாங்க, பஸ்ல போலாம்."

உதிரிப்பாகம் வந்து மாட்டிய பிறகு அந்த ஆள் மட்டும் தனியாக வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நிதானமாகத்தான் ஓட்டிக்கொண்டு போனான். தெரு திரும்பும்வரை அவளும் கொழுந்தனும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சத்தம் நின்றுவிடவில்லை. கொழுந்தனுக்கும் ஒரு குரல் கேட்கிறது, சீக்கிரம் மாட்டச் சொல்லி. அதை அவன் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். தெருவில் யாராவது வண்டியை நிறுத்தி வைத்தபடி முறுக்கினால், கடைக்குள் இரண்டு பேர் கையும் நின்றுவிடும். அது அடங்கும்வரை ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருப்பார்கள். பிறகு அவள் துணியை எடுப்பாள், அவன் கம்பியை எடுப்பான்.