என் வீட்டுக்காரரின் தேரை

புருஷன் வேறொருத்தியைப் பார்த்தால் பெண்டாட்டிக்கு வயிறெரியும். எனக்கு ஒரு தேரையைப் பார்த்து எரிந்தது.

என் வீட்டுக்காரருக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை. லீவு நாளானால், திருத்தணியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பாறைக்குன்றில் ஏறிவிடுவார். அங்கே வெடிப்புகளில் ஒரு மலைத்தேரை இருக்கிறது. தட்டையான உடம்பு, மேலெல்லாம் செம்புள்ளி. எங்கேயும் அதிகம் கிடைக்காத இனமாம், அழிந்துகொண்டு வருகிறதாம். பாறையின் ஈரமும், மழைக்குக் குழியில் தேங்கும் தண்ணீரும்தான் அதற்குப் பிழைப்பு. குன்றில் பாதியை உடைத்து ஜல்லியாக்கிவிட்டார்கள். மிச்சத்தில் இவர் கண்டது ஒரே ஒரு ஜோடி.

"இன்னிக்கு கண்ண மூடிகினே இருந்துச்சு, உடம்பு சரியில்ல போல" என்று சாப்பிடும்போது கவலைப்படுவார். நான் காய்ச்சலில் கிடந்தபோது மாத்திரை போட்டியா என்று கேட்டதோடு சரி. பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

போன வருஷம் மழை ஏமாற்றியது. அப்படி ஆனால், மழை வர வேண்டி, ஆந்திரா பக்கம் போலவே எங்கள் தெருவிலும் ஒரு தவளையைப் பிடித்து, வேப்பிலையோடு உலக்கையில் கட்டி, வீடு வீடாகத் தூக்கிப் போவார்கள். வாசலுக்கு வாசல் பெண்கள் அதன்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். ஏரி காய்ந்து கிடந்ததால் தவளை அகப்படவில்லை. எதிர்வீட்டு அக்கா என்னிடம் வந்தாள்.

"உன் வூட்டுக்காரரு குன்று மேல எதையோ பார்த்துகினு கீறாரே, தவளைதான அது? புடிச்சாந்துடறேன்."

"அது தேரைக்கா."

"சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று கூடையோடு கிளம்பிவிட்டாள்.

தொலையட்டும் சனியன் என்று கதவைச் சாத்தினேன். நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் அவர் முகம் நினைவுக்கு வந்தது. அது போய்விட்டால் இந்த மனுஷன் சோறு தின்னமாட்டார். அதற்கு இவர் துக்கம் காப்பதையும் நான்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

நான் ஏறுவதற்குள் இரண்டும் கூடைக்குள். விட்டுடுக்கா என்றேன், கேட்கவில்லை. கூடையைப் பிடித்து இழுத்தேன், அவளும் இழுத்தாள். பாறையில் கால் சறுக்கிக் கணுக்கால் பிசகியது. கூடை என் கைக்கு வந்துவிட்டது. தேரைகளை வெடிப்பருகே விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போயின, நன்றிகெட்ட ஜென்மங்கள்.

"இப்ப உலக்கையில இன்னாத்த கட்டறது? உன்னையா?" என்றாள் அக்கா.

"மஞ்சள்ல புடிச்சு வெச்சா புள்ளையாரு ஆவுது, தவளை ஆவாதா?"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனாள். சாயங்காலம் மஞ்சள் தவளை ஊர்வலம் வந்தது. நொண்டிக்கொண்டே நானும் ஒரு செம்பு ஊற்றினேன்.

அவர் ரயிலிறங்கி வரும்போதே தெருமுனைக் கடையில் எல்லாம் சொல்லிவிட்டார்கள். நான் விழுந்ததையும்தான். வீட்டுக்கு வராமல் நேரே குன்றுக்கு ஓடினார். வீங்கிய காலை நீட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தேன். வந்ததும் இதைப் பார்ப்பார், ஒரு வார்த்தை கேட்பார் என்று ஆசை.

வந்தார். என் காலைத் தாண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனை நீட்டினார். "பாரு, ரெண்டும் எப்படி ஒட்டிகினு கீதுங்க."

பார்த்தேன். ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. பொறாமை தாங்காமல் அழுதுவிட்டேன்.

அவர் என் தோளைத் தட்டினார். "அழுவாத, அதுங்களுக்கு ஒண்ணும் ஆவல" என்றார். "பரவால்லியே, உனக்கும் அதுங்க மேல பாசம் வந்துடுச்சு."