ஒரே ஒரு கிழிசல்

புது சீட் கவரில் பிளேடு சர்ரென்று இறங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கார் வாங்கிய வாரம் அது. கவர் தைத்த கடையில், பின் சீட் பெல்ட்டை மாட்டும் பூட்டுகளை மெத்தைக்கு அடியில் தள்ளி மூடியிருந்தார்கள். எங்கள் பக்கம் பல கார்களில் அப்படித்தான்; யாரும் கேட்பதில்லை. எனக்கும் கணவருக்கும் அப்போது ஓட்டத் தெரியாது. நாள் கூலிக்கு வந்து பிறர் கார்களை ஓட்டித் தரும் ஆக்டிங் டிரைவர் ஒருவரை அழைத்திருந்தோம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். வண்டியை எடுக்கும் முன் பின்கதவைத் திறந்து பார்த்தவர், சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தார்.

"ஏங்க, புதுக் கவருங்க!" என்று கணவர் பதறினார்.

"கிழியறது கவருதானுங்க சார்."

"கட்டிப்போட நாங்க என்ன மாடுங்களாண்ணா?" என்றாள் என் நாத்தனார்.

"மாட்டையே கட்டித்தாம்மா லாரில ஏத்தறாங்க."

சிரித்தோம். மகள் உட்காரும் இடது ஓரத்தில் மட்டும் ஒரு கிழிசல் விழுந்திருந்தது. அதற்குள் கணவர் தடுத்துவிட்டார். "ஒண்ணு பத்தாதுங்க. கட்டாத ஆளு, கட்டினவங்க மேலதான் வந்து வுழுவாங்க" என்றார் அண்ணன். அதற்கும் சிரித்தோம். அதன்பிறகு அவரை அழைக்கவில்லை. தொந்தரவு செய்யாத வேறொருவர் கிடைத்தார். பிறகு கணவரே ஓட்டக் கற்றுக்கொண்டார். மகள் மட்டும் அந்த ஓரத்தையும் அந்தப் பெல்ட்டையும் விடவே இல்லை.

மூன்று மாதம் முன்பு, சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில், பின்னால் வந்த லாரி எங்களை இடித்தது. கார் சுழன்று இடப்பக்கமாகத் தடுப்புச் சுவரில் மோதியது. முன்னால் கணவருக்குச் சிராய்ப்பு. பின்னால் மகளுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு நெற்றியில் நாலு தையல். கல்லூரிக்குப் போகும் மகளுக்குக் கன்ன எலும்பு உடைந்தது. லாரி உடைக்கவில்லை, சுவரும் உடைக்கவில்லை. என் தலை உடைத்தது. பெல்ட் அவளைப் பிடித்து வைத்திருந்தது. என்னைப் பிடிக்க எதுவும் இல்லை. "பக்கத்துல இருந்தவங்க பெல்ட் போடலையா?" என்று மருத்துவர் கேட்டபோது, அது நான்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. சிரித்தால் அவளுடைய ஒரு கன்னம் இன்னும் மேலே ஏறுவதில்லை.

விதி என்று ஆறுதல் சொல்ல வருபவர்களோடு நான் சண்டை போடுகிறேன். விதிக்கு இதில் வேலை இல்லை. சீட் கவருக்குத்தான் இருந்தது. பின்னால் உட்கார்பவருக்குப் பெல்ட் எதற்கு என்கிறார்கள். பக்கத்து ஊர்தானே என்கிறார்கள். கேட்கட்டும். எனக்குப் பதில் சொல்லி அலுக்காது.

போன வாரம் கம்பைநல்லூரில் ஒரு கல்யாணம். நாத்தனாரின் கார் வந்தது. பின் சீட்டில் பூட்டுகள் இல்லை. மகளைக் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டேன்.

"ஏறுங்க அண்ணி, முகூர்த்தம் போயிரும். ஏர்பேக்கெல்லாம் இருக்குது."

"போவட்டும்."

"பைத்தியம் புடிச்சிருச்சா உங்களுக்கு?"

"புடிச்சிருச்சி. பெல்ட்டை எடுங்க."

வண்டி ஓட்டி வந்த நாத்தனாரின் கணவர் முணுமுணுத்தபடி இறங்கி, சீட்டைத் தூக்கி, முழங்கை வரை கையை விட்டார். கடலைத் தோல் வந்தது, ஒரு கொண்டை ஊசி வந்தது, கடைசியில் பூட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. நாத்தனார், மகள், நான், மூவரும் மாட்டிய பிறகுதான் கதவைச் சாத்தினேன்.

போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் நாத்தனார், "எல்லாம் எங்க அண்ணியாலதான்" என்றாள்.

ஆமாம், என்னால்தான்.