கைத்தாங்கலாக ஒரு விருது

போன வாரம் மயிலாப்பூர் சபா ஒன்றில் ஒரு பழைய கதாநாயகருக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள். பெயர் வேண்டாம். மனிதர் இன்னும் சான்ஸ் தேடிக்கொண்டிருக்கிறார்.

தேர்வுக் குழுவில் நானும் உண்டு. மரத்தைச் சுற்றி டூயட் பாடினதற்கெல்லாம் விருதா என்றார் ஒருவர். மெட்ராஸ் வெயிலில் கோட் போட்டுக்கொண்டு அத்தனை வருஷம் பாடினாரே, அது சாதனை இல்லையா என்றார் இன்னொருவர். எனக்கு இரண்டாமவர் பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. சபா காரியதரிசிக்கோ வேறு கவலை.

"முதல்ல அவர் நேர்ல வருவாரான்னு கேட்டுண்டு வாங்கோ" என்றார். சபாக்காரர்களுக்கு அதுதான் தகுதி!

அடையாறில் அவர் வீட்டுக்குப் போனேன். மீசைக்கு மை, பளிச்சென்று சட்டை. விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று பார்த்தால்... முகம் சுருங்கிவிட்டது.

"இதை வாங்கிட்டா நான் ரிட்டயர்டுன்னு முடிவு கட்டிடுவாங்க சார். அப்புறம் ஷூட்டிங்குக்கு யாரு கூப்பிடுவா?"

அவருடைய நண்பருக்கு இப்படித்தான் ஆயிற்றாம். விருது வாங்கினார், அதன் பிறகு அவரைக் கூப்பிட்டதெல்லாம் கடைத் திறப்புக்கும் இரங்கல் கூட்டத்துக்கும்தானாம்.

சிறப்பு விருந்தினர் ஒரு இளம் டைரக்டர் என்று மெல்லச் சொன்னேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். முன்வரிசையில்தானே இருப்பார் என்று கேட்டுக்கொண்டார். தினமும் பீச்சில் நடக்கிற உடம்பு இது, விறுவிறுவென்று மேடைப் படியேறுவதை அவர் பார்க்கட்டும் என்றார். விருதுக்கு இல்லை, ஆடிஷனுக்கு வருகிறார் என்று புரிந்தது.

வந்தார். வெள்ளை பேண்ட், கூலிங் கிளாஸ். முதல் படியில் கால் வைத்தாரோ இல்லையோ – இரண்டு பக்கமும் தொண்டர்கள் பாய்ந்து பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களைக் கைத்தாங்கலாக ஏற்றாவிட்டால் மரியாதைக் குறைவு என்பது நம் மேடைகளில் எழுதாத சட்டம். அவர் கையை உதறினார். தடுமாறுகிறார் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள். கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்து, பொன்னாடையால் மூடினார்கள். டைரக்டர் மைக்கைப் பிடித்து, வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன் என்றார். எனக்குப் பாவமாக இருந்தது.

விருது வாங்க இந்தப் பழைய கதாநாயகர்களுக்குத் தகுதி உண்டா என்று மாய்ந்து மாய்ந்து விவாதிக்கிறோம். தகுதி இல்லாமல் என்ன? ஆனால் நாம் கொடுப்பது பாராட்டு, அவர்கள் கைக்குப் போய்ச் சேர்வது பிரிவு உபசாரம். வேலையில் இருக்கிற மனிதருக்கு எதற்கு அது?

நேற்று போன் செய்தார். டைரக்டர் ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்களாம். படம் முழுக்க வருகிற வேஷம்... படுத்த படுக்கையாகக் கிடக்கிற தாத்தா. ஒப்புக்கொண்டுவிட்டாராம்.

டயலாக் உண்டா என்று கேட்டேன்.

"இருமல் உண்டு சார்" என்றார்.